கழட்ட முடியாத சிம்

தம்பி தமிழுங்களா? பையில கட்டியிருக்கிற சீட்டுல திருச்சின்னு போட்டிருக்குது, அதைப் பாத்துத்தான் வந்தேன். சித்த இங்க உக்காந்துக்கறேன். எங்கூட்டம் அந்தா, ஜன்னலோரம் ஆரஞ்சுத் தொப்பி போட்டுட்டு உக்காந்திருக்குதே, அதுதான். தொப்பி டூர்காரங்க குடுத்தது. என்ற தொப்பியை நான் வீசிட்டேன்.

உங்ககிட்ட ஒரே ஒரு உதவி. உங்க போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு விடுங்க, ஒரு நிமிசம் போதும். ஊட்டுக்காரிக்கு ஒரு சேதி அனுப்போணும். ஏர்போர்ட்டுல சும்மாவே நெட்டு வரும்னாங்க. போட்டுப் பாத்தா, உங்க நம்பருக்கு ஒரு எண் அனுப்பியிருக்கோம், அதைப் போடுங்குது. என்ற நம்பர் ஊர்ல பிளேன் ஏறும்போதே செத்துப்போச்சு, எண் எங்கிருந்து வரும்? அந்தக் கூட்டத்துல எல்லார் போன்லயும் நெட்டு இருக்குது. கேட்டா சார்ஜ் இல்லீங்கறாங்க. சார்ஜ் இல்லாமத்தான் குனிஞ்ச தலை நிமிராம ரீல்ஸ் பாத்துட்டிருக்காங்களாக்கும்.

யோசிக்கிறீங்க. யோசிக்கோணும், தப்பில்லை. முன்னப்பின்ன தெரியாதவனுக்கு ஆரு குடுப்பா. நான் ஆரு என்னன்னு சொல்லிப்போடறேன், கேட்டுட்டுக் குடுங்க.

எனக்குத் திருச்செங்கோடுங்க. பேரு சென்னியப்பன். போர் போடற ரிக் வண்டி வச்சிருக்கேன், வண்டி இப்ப ஆந்திராவுல ஓடிட்டிருக்குது. சத்தமாப் பேசறேன்னு நெனைக்காதீங்க. கம்ப்ரசர் பக்கத்துலயே நின்னு நின்னு காது கொஞ்சம் மந்தம். நான் மெதுவாப் பேசுனாலே அடுத்த தெருவுக்குக் கேக்கும்னு ஊர்ல சொல்லுவாங்க. கோவம்னு நெனைச்சுக்குவாங்க. கோவமெல்லாம் இல்லீங்க, தொழில் அப்படி. ஒரு மனுசனோட மனசைப் பாக்கோணும், சத்தத்தைப் பாத்தா எப்படி?

இப்ப நான் உங்க கால்ல விழாத குறையா நெட்டு கேட்டு நிக்கறேனே, இது அத்தனைக்கும் காரணம் ஒரு சிம்மு. அதுவும் கண்ணுல பாக்க முடியாத சிம்மு.

மலேசியாவுக்குப் போலாம், பத்துமலை முருகனைப் பாத்துட்டு வரலாம்னு சொன்னது நாந்தானுங்க. அவ கேக்கலை. அவ பேரு வசந்தாமணி. பொண்டாட்டியை வெளிநாடு கூட்டிட்டுப் போனவன் எங்க சொந்தத்துலயே நாந்தான் மொத ஆளு. போன வருசம் அவளுக்கு வலது கை ஒடிஞ்சு போச்சு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா. ஆஸ்பத்திரியில அப்படித்தான் சொன்னோம். கை கூடாம போயிருமோன்னு எனக்கு ஒரே வெசனம். சமையலுக்கு ஆள் வேணுமில்ல. அப்ப முருகனுக்கு வேண்டுனது இது. கை கூடிருச்சு. வேண்டுனதைச் செய்யோணுமில்லைங்களா. அந்த அளவுக்குப் பாத்துக்கறவன் நான்.

டூர் மேனேஜர் லோகநாதன், அந்தா நீலச் சட்டை, இந்தப் பக்கம் பாக்காத மாதிரி பாக்கறாரே, அவருதான். பொறப்படறதுக்கு முந்துன வாரம் எல்லாத்தையும் ஒரு மண்டபத்துல ஒட்டுக்கா உக்கார வச்சு வகுப்பு எடுத்தாரு. அங்க போய் சிம்முக்குக் கடை தேடி நிக்க வேண்டாம், டிஜிட்டல் சிம்மு இங்கிருந்தே வாங்கிக்கலாம். கட்டம் கட்டமா ஒரு படம் மெயில்ல வரும். அதைக் கேமராவுல காட்டுனா சிம்மு போனுக்குள்ள போய் உக்காந்துக்கும். ஊட்டுல வைஃபை இருக்கும்போதே ஏத்திருங்க, அங்க எறங்குனதும் ஆன் பண்ணிக்கங்க. ஒருக்கா ஏத்துனா ஏத்துனதுதான், அந்தப் படம் மறுக்கா வேலை செய்யாது, பாத்துப் பண்ணுங்கன்னாரு.

ஆளுக்கு ஒண்ணு வாங்கிக்கறீங்களாண்ணான்னு என்னைக் கேட்டாரு. ஒண்ணு போதும்னுட்டேன். எனக்கு. அவளுக்கு எதுக்குங்க நெட்டு? அவ ஆருகிட்டப் பேசோணும்? புருசன் பக்கத்துலயே இருக்கறேன்.

அவ சிம்மைப் பத்தி ஒண்ணு சொல்லோணும், அப்பத்தான் உங்களுக்கு வெளங்கும். இந்தச் சாவிக்கொத்தைப் பாருங்க. இது ரிக் சாவி. இது காரு. இந்தச் சின்னக் கம்பி என்னன்னு தெரியுதா? புதுப் போன் டப்பாவுல குடுப்பாங்களே, ஓட்டையில குத்துனா சிம் தட்டு வெளிய வருமே, அந்தக் கம்பி. முன்னெல்லாம் எனக்குக் கோவம் வந்தா போனைத்தான் ஒடைப்பேன். ரெண்டு போன் அப்படிப் போச்சு. ஒண்ணு செவுத்துல. இன்னொண்ணு அவ மேல பட்டு ஒடைஞ்சுது. அப்பறம் பெங்களூர்ல இருக்கற அவ தம்பி வந்து நெம்ப வெலை கூடுன போன் ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டுப் போனான். என்னை ஒரு வார்த்தை கேக்கலை. ஆனாலும் நல்ல போனு, ஒடைக்க மனசு வரலை. அப்பத்தான் இந்தக் கம்பி யோசனை வந்துச்சு.

அவ எதுத்துப் பேசுனான்னு வச்சுக்கங்க, சத்தமே போடமாட்டேன். கம்பியை எடுத்து ஒரு குத்து. தட்டு வெளிய வரும். சிம்மை எடுத்துப் பர்ஸுல போட்டுக்குவேன். நாலஞ்சு நாள் போகட்டும். அவளா வந்து, ஏனுங்க, தெரியாமப் பேசிட்டனுங்கன்னு சொல்லுவா. அப்ப போட்டுக் குடுப்பேன். அடிக்கறதுக்கு இது எவ்வளவோ தேவலைங்களே. நான் எவ்வளவு மாறிட்டேன்னு அதுலயே தெரியலீங்களா? சில சமயம் ரெண்டும் நடக்கும், அது வேற.

செரி, படம் மெயில்ல வந்துச்சு. மத்தியானம், சாப்பிட்டுட்டு உக்காந்து பாக்கறேன். படம் என்ற போன்லயே இருக்குது. என்ற கேமராவுல என்ற போனையே எப்படிங்க காட்டறது? கண்ணு தன்னைத்தானே பாக்குமா? கண்ணாடி முன்னாடி நின்னு பாத்தேன். சிரிக்காதீங்க. அதுவும் ஆகலை. அப்பறம் அவ போனை வாங்கி, அதுல கேமராவைத் தொறந்து, என்ற போனுக்கு நேராப் பிடிச்சேன். அவ போன் பாத்து, என்ற போனுக்குள்ள ஏறிக்கும்னு நெனைச்சேன். ஆரா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பாங்க. காசு என்றது, மெயில் என்றது, படம் என்ற போன்ல. பொறகு சிம்மு வேற எங்க போகும்?

அவ பக்கத்துல நின்னா. ஏனுங்க, அது என்ற போன்ல ஏறுதாட்டம் இருக்குதுங்கன்னு என்னமோ முனகுனா. பேசாம நில்லுன்னேன். போன் ஏதோ கேட்டுச்சு, சரின்னு அமுக்குனேன். மறுபடியும் கேட்டுச்சு, சரி. சரி, சரி, சரி. கடைசியில பச்சையா ஒரு டிக் விழுந்துச்சு. பாத்தா அவ போன்ல.

மேனேஜரைக் கூப்பிட்டேன். அண்ணா, அது அந்தப் போனோட போச்சு, உங்களுக்கு வேற ஒண்ணுதான் வாங்கோணும்னாரு. என்ற தப்புன்னா நான் வாங்கியிருப்பேன். அவ தப்புக்கு நான் எதுக்கு வாங்கோணும்? எனக்குக் காது மந்தம்னு தெரியுமில்ல, சத்தமாச் சொல்லியிருக்கலாமில்ல? அந்தக் கோவத்துல ஒண்ணு வச்சேன். ஒண்ணே ஒண்ணு. அவ போய் மிக்ஸி மேல விழுந்துட்டா. புருவம் கிழிஞ்சு தையல் போட வேண்டியதாப் போச்சு. நான் வச்சது ஒண்ணுதான், மிச்சம் மிக்ஸி பண்ணுனது.

அப்பறம் பழக்கம் மாதிரி கம்பியை எடுத்தேன். தட்டு வந்துச்சு, அவ பழைய சிம்மை எடுத்துட்டேன், இதோ இப்பவும் பர்ஸுல இருக்குது. புதுசையும் எடுத்துரலாம்னு பாக்கறேன், தட்டுல ஒண்ணுமே இல்லை. ஊதிப் பாத்தேன். போனைத் தட்டிப் பாத்தேன். மறுபடியும் குத்திப் பாத்தேன். இல்லாத சிம்மை எப்படிங்க கழட்டறது? என்ற ஊட்டுல, என்ற காசுல, நானே ஏத்துனது, என்னால கழட்ட முடியலை. மேனேஜர்கிட்டக் கேட்டா, செட்டிங்ஸ்ல போய் அழிக்கலாங்கண்ணா, ஆனா அழிச்சா திரும்ப வராது, ரெண்டு பேருக்குமே அங்க நெட்டு இருக்காதுன்னாரு. ஆந்திராவுல வண்டி ஓடிட்டிருக்குது, எனக்கு நெட்டு இல்லாம ஆகுமா? செரி, அவ போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு அதுல இருந்து நான் எடுத்துக்கறதுன்னு முடிவாச்சு. வாங்குனவன் நான், அவகிட்டக் கையேந்தறவனும் நான்.

அவ போனை நானே வச்சுக்கலாமில்லன்னு கேப்பீங்க. அதையும் பாத்துட்டேன். சித்த நேரம் சும்மா இருந்தா ஹாட்ஸ்பாட் தானா அணைஞ்சுக்குது. மறுபடி போட அவ மூஞ்சியைக் காட்டோணும். மூஞ்சியை மட்டும் தனியாக் கழட்டி எடுத்துட்டுப் போக முடியாதில்லைங்களா. அதுலயும் புருவம் வீங்கி இருந்த நாள்ல போனுக்கே அவளை அடையாளம் தெரியலை. நம்பர் போட்டுத்தான் தொறந்தா. நம்பர் என்னடீன்னு கேட்டேன். பாப்பா பொறந்த நாள்னா. பாப்பா எங்க மக, கோயம்புத்தூர்ல காலேஜ் ஆஸ்டல்ல இருக்கறா. பொறந்த நாள் எனக்கு எங்க ஞாபகம் இருக்குது? அது எந்த நாள்னு பொண்டாட்டிகிட்டயே கேக்கறதுக்கு மானம் விடலை. விட்டுட்டேன்.

கோலாலம்பூர்ல எறங்குனோம். அவ ஆன் பண்ணுனா, டக்குன்னு வேலை செஞ்சுது. ஆனா பத்தடிக்குத்தான் நல்லாப் புடிக்கும். தள்ளிப் போனா சிக்னல் கோடு கொறையும், முக்குத் திரும்புனா அத்துரும். கல்யாணம் ஆன நாள்ல இருந்து ரோட்டுல நான் முன்னாடி போவேன், அவ பின்னாடி வருவா. அங்க நான் போனைப் பாத்துட்டே அவ பின்னாடி போக வேண்டியதாப் போச்சு. அவ நின்னா நானும் நிக்கோணும். அவ வளையல் கடைக்குள்ள போனா நானும் போய் வளையலைப் பாத்துட்டு நிக்கோணும். கூட வந்த பொம்பளைங்க, ஏனுங்க வசந்தாமணி, உங்கூட்டுக்காரரு உங்களை விட்டு ஒரு அடி நகரமாட்டேங்கறாரேன்னு கேலி பண்ணுனாங்க. அவளும் சிரிச்சா. அந்தச் சிரிப்பு எனக்குப் புடிக்கலீங்க. நான் பாத்து வருசக்கணக்காச்சு அப்படி ஒரு சிரிப்பு. எதுக்குச் சிரிக்கோணும்?

அந்தக் கூட்டத்துல ஜெகதாம்பாள்னு ஒரு டீச்சர், ரிட்டயர்டு. எங்க போனாலும் இவ பக்கத்துலயே வந்து உக்காந்துக்குவாங்க. புருவத்துத் தையலைப் பாத்துட்டு, என்னம்மா ஆச்சுன்னாங்க. அவ வாயைத் தொறக்கறதுக்குள்ள நான் மிக்ஸின்னு சொல்லிட்டேன். பொய் இல்லைங்களே. டீச்சர் என்னைப் பாத்தாங்க பாருங்க ஒரு பார்வை, பரீச்சையில காப்பியடிச்சவனைப் பாக்கற மாதிரி.

ஓட்டல்லயும் வைஃபை இருந்துச்சுங்க. போட்டா ரூம் நம்பர் கேக்குது, அப்பறம் கடைசிப் பேர் கேக்குது. எனக்கு இருக்கறதே ஒரு பேருதான். கடைசிப் பேருக்கு நான் எங்க போவேன்? அப்பா பேரைப் போட்டேன், ஊர் பேரைப் போட்டேன், இனிசியலைப் போட்டேன். தப்புங்குது. ஆக மொத்தம் அவளை விட்டா எனக்கு வழியில்லை.

ரெண்டாவது நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்பறம் ரூம்ல இருக்கேன். ஆந்திராவுல இருந்து டிரைவர் வீடியோவுல வர்றான். போர்க் குழிக்குள்ள, துளை போடற ராடு மாட்டிக்கிச்சு, தூக்கட்டுமா, அறுத்து விட்டுறட்டுமாங்கறான். ஒரு வார்த்தை தப்பாச் சொன்னா மொத்த ராடும் போச்சு. நான் வாயைத் தொறக்கறேன், படம் அப்படியே நின்னுபோச்சு. நெட்டு கட்டு. திரும்பிப் பாக்கறேன், அவளைக் காணோம். சொல்லாமக் கொள்ளாமப் போயிருக்கறா.

நீங்களே சொல்லுங்க, கோவம் வருமா வராதா?

வராண்டாவுக்கு வந்தேன். வரிசையாக் கதவு, எல்லாம் ஒரே மாதிரி. எதுலன்னு தேடறது? அப்பத்தான் ஒண்ணு தோணுச்சு. போனைக் கையில பிடிச்சுட்டு நடந்தேன். இடது பக்கம் போனா கோடு இல்லை. வலது பக்கம் போனேன், ஒண்ணு வந்துச்சு. இன்னும் நாலு கதவு, ரெண்டு. ஒரு கதவு முன்னாடி நின்னா எல்லாக் கோடும் ரொம்பிருச்சு. அதுதான். எங்க தொழில்ல பூமிக்கடியில தண்ணி பாக்கறவங்க தேங்காயைக் கையில வச்சுட்டு நடப்பாங்க பாருங்க, அது மாதிரி கண்டுபிடிச்சேன். கதவைத் தட்டுனேன். ஒடைக்கறாப்பல தட்டுனதா டீச்சர் சொல்லியிருக்காங்க. அது என்ற கையே அப்படி.

உள்ள அவ கட்டில்ல உக்காந்திருக்கறா. டீச்சர் அவ தலைக்குத் தண்ணி தொட்டு வாரி விட்டுட்டிருக்காங்க. வான்னு கூட்டிட்டு வந்தேன். முடியைப் புடிச்சு இழுத்தேன்னு டீச்சர் எல்லாருகிட்டயும் சொல்லிட்டாங்களாம். நான் தோளைத்தான் புடிச்சேன். முடி பிரிஞ்சு கெடந்துச்சு, கையோட வந்துருச்சு.

எங்க ரூமுக்கு வந்து கதவைச் சாத்துனேன். என்ன சொன்னேன் தெரியுங்களா? போனைக் குடு அம்மிணின்னேன். அவ்வளவுதான். மெதுவாத்தான் சொன்னேன். அவ குடுக்கலை. செவுத்தோரமாப் போய்க் குத்த வச்சு உக்காந்துட்டா. ஒரு கை மூஞ்சிக்குக் குறுக்க. இன்னொரு கையில போனு, நெஞ்சோட. கட்டைவிரலை அது மேல வச்சு அமுக்கிட்டே இருக்கறா. நான் கையை முறுக்கறேன், அந்த ஒடிஞ்சு கூடுன கைதான், விரலை எடுக்கமாட்டேங்கறா. எதுக்கு அப்படி அமுக்குனான்னு எனக்கு இப்பவும் வெளங்கலை. புடிவாதம். சாவிக்கொத்து கையிலயே இருந்துச்சு, அந்தக் கம்பி வேற அங்கங்க பட்டுருச்சு. பெல்ட்டைக் கழட்டுனேன், இல்லைங்கலை. ஓங்குனதுதான் அதிகம், பட்டது கொறைச்சல். அவ கத்தவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோவம். ஒருத்தி கத்துனா நிறுத்தலாம். கத்தாம இருந்தா எங்க நிறுத்தறதுன்னு எப்படித் தெரியும்?

கடைசியில அவளாவே விரலை எடுத்தா. எடுத்துட்டு, இந்தாங்க, வச்சுக்கங்கன்னு போனை நீட்டுனா. மொதல்லயே குடுத்திருந்தா இவ்வளவு ஆகியிருக்குமா? நான் அவ மூஞ்சிக்கு நேராப் பிடிச்சேன், தொறக்கலை. வாயெல்லாம் வீங்கியிருந்துச்சு. அவளே நம்பரைப் போட்டு ஹாட்ஸ்பாட் போட்டுக் குடுத்தா. டிரைவரைப் புடிச்சேன். அதுக்குள்ள அவனா ராடை அறுத்து விட்டுட்டான். பாத்தீங்களா, ஆரால வந்த நட்டம்?

வாட்ஸாப்புல அவ ஆருக்காவது ஏதாவது அனுப்புனாளான்னு பாக்கலையான்னு கேக்கறீங்க. எப்படிங்க அனுப்புவா? அவ சிம்முதான் என்ற பர்ஸுல இருக்குதே. சிம் இல்லாம வாட்ஸாப்பு எப்படி வேலை செய்யும்? எனக்கு வேலை செஞ்சுதுன்னா, என்ற சிம் என்ற போன்ல இருக்குது. என்ன தம்பி, ஏதோ சொல்ல வந்தீங்க? செரி, விடுங்க.

அன்னிக்குச் சாயங்காலம் சாப்பாட்டுக்குப் போறேன். நான் உக்காந்த மேசையில இருந்தவங்க தட்டைத் தூக்கிட்டு எந்திரிச்சுட்டாங்க. காலையில என்ற தோள்ல கை போட்டுப் படம் எடுத்தவரு, ஈரோட்டுல ஜவுளிக்கடை வச்சிருக்கறவரு, அவரு பேத்தி என்ற கிட்ட வந்தா, இழுத்துட்டுப் போறாரு. என்னமோ நாய் கடிச்சுப்போடும்ங்கற மாதிரி. பொறாமைன்னு நெனைச்சேன். ரிக் வண்டிக்காரன்னா எங்க ஏரியாவுல கொஞ்சம் பொறாமைதான்.

அடுத்த நாள் பத்துமலை. பஸ்ஸுல டீச்சர் அவளை மொத சீட்டுல தன்ற பக்கத்துல உக்கார வச்சுட்டாங்க. எனக்குக் கடைசி சீட்டு. முன்னாடி போய்ப் பேசலாம்னா வழியில நாலு ஆம்பளைங்க நிக்கறாங்க, சீட்டு காலியா இருக்கும்போதே. கோயில்ல எறங்குனா பொம்பளைங்க எல்லாம் அவளைச் சுத்தி நின்னுட்டு ஒரே கும்பலாப் படியேறறாங்க. எனக்கு முட்டி வலி. ரெண்டு படிக்கு ஒருக்கா நிக்கோணும். ஹாட்ஸ்பாட் போனு அவ கையிலதான், நின்னு நின்னு என்ற போனைப் பாக்கறேன். மூணு கோடு. இன்னும் கொஞ்சம் ஏறுனேன், ரெண்டு. வசந்தான்னு கூப்பிட்டேன். என்ற சத்தம் எப்படின்னு சொன்னேனில்ல, மொத்தப் படியும் திரும்பிப் பாத்துச்சு. அவ திரும்பலை. ஒரு கொரங்கு வந்து என்ற பேண்ட்டைப் புடிச்சு இழுக்குது. தொப்பியைக் கழட்டி அது மேல வீசுனேன். கீழ குனிஞ்சு போனைப் பாக்கறேன், ஒரே ஒரு கோடு. அது இருக்குது, அணையுது, இருக்குது. அப்பறம் இல்லை.

அவ மூஞ்சியை நான் அப்ப பாக்கலீங்க. போனைத்தான் பாத்துட்டிருந்தேன். கடைசியா எந்தப் படியில நின்னான்னு கூட எனக்குத் தெரியாது.

மேல போய்த் தேடுனேன். முருகனைப் பாக்கலை, அவளைத்தான் தேடுனேன். கீழ எறங்கி வந்தா மேனேஜர் நிக்கறாரு. அண்ணா, அக்கா பத்திரமா இருக்காங்க, எங்கன்னு கேக்காதீங்க, சத்தம் போட்டீங்கன்னா இந்த ஊர்ப் போலீஸைக் கூப்பிடுவேன்னாரு. பாஸ்போர்ட்டெல்லாம் அவரு பையில இருந்துச்சு. அவ பாஸ்போர்ட்டை எடுத்து அவ கையிலயே குடுத்துட்டாரு. நேத்து அந்த ஜவுளிக்கடைக்காரரு வாயை விட்டுட்டாரு, டீச்சரும் அவளும் வேற பிளேன்ல பெங்களூருக்குப் போயிட்டாங்களாம், அவ தம்பி ஊட்டுக்கு. என்ற பொண்டாட்டி, என்ற காசுல வந்தவ. ஒரு மனுசன் இதைக் கேட்டுட்டு என்ன பண்ணுவான்? சட்டையைப் புடிச்சேன். அவரு பல்லு ஒண்ணு ஆடுதாம். அந்த நாலு பேரும் என்னைக் கீழ தள்ளி முட்டி மேல ஏறி உக்காந்துட்டாங்க. முட்டி வலின்னு சொன்னேன். கேக்கலை. மனுசங்களாங்க அவங்க?

இவ்வளவுதான் நடந்தது. ஒளிவுமறைவு இல்லாமச் சொல்லிட்டேன். ஹாட்ஸ்பாட் போடுங்க.

என்ன அனுப்பப் போறேன்னா கேக்கறீங்க? ஊருக்கு வந்து வச்சுக்கறேன்னு அனுப்புவேன். அதைப் பாத்தா பயந்துட்டு ஊட்டுக்கு வந்துருவா, எப்பவும் அப்படித்தான். கொன்னா போடுவேன்? கொல்றதுன்னா எப்பவோ கொன்னிருக்கலாமே. என்ற மனசு அதுக்கு எடம் குடுக்கலை. சிம்மு வேற என்கிட்ட இருக்குது. அதுக்காகவாவது வந்துதானே ஆகோணும்.

ஏன் கையை இழுக்கறீங்க? நான் மெதுவாத்தான் புடிச்சிருக்கேன். உக்காருங்க. உக்காருங்கன்னா உக்காரோணும். உங்க வயசுக்கு எவ்வளவு மரியாதையா வாங்க போங்கன்னு பேசிட்டிருக்கேன், நான் கேட்டது ஒரு நிமிச நெட்டு.

ஆங். அப்படி வாங்க. நல்லா இருப்பீங்க. எதுங்க உங்க பேரு, இந்த மேல இருக்கறதுங்களா? செரி. நம்பர் போட்டுக் குடுங்க. புடிச்சுருச்சு. பாருங்க, எத்தனை கோடு. ரெண்டு நாளா இதுக்குத்தான் செத்தேன்.

வருது பாருங்க, ஒண்ணு மேல ஒண்ணு. டிரைவர். டிரைவர். மறுபடியும் டிரைவர், அவன் கெடக்கறான். இது பெங்களூர்க்காரன், இவனுக்கு என்ன வேணுமாம், அப்பறம் பாத்துக்கறேன். இது பாப்பா. என்ற பாப்பா அனுப்பியிருக்கா பாருங்க. எழுத்து இல்லை, பேசி அனுப்பியிருக்கா. அப்பன் என்ன ஆனானோன்னு அவளுக்காவது தோணியிருக்குது. இருங்க, மொதல்ல இதைக் கேட்டுப்போடறேன். எனக்குக் காது கேக்காதில்ல, சத்தத்தை முழுசா வச்சுக்கறேன்.

ஆருங்க இது? பாப்பா இல்லையே. எவனோ ஒருத்தன் கத்தறான். என்ன கத்து கத்தறான் பாருங்க, மாட்டைக் கூட இப்படிக் கத்தி அடிக்கமாட்டாங்களே. சடார் சடார்னு கேக்குதே, அது என்னது? வாயைப் பாருங்க, என்ன வார்த்தை பேசறான். ஒரு பொட்டப்புள்ளை கேக்கற வார்த்தைங்களா இது? இதை எதுக்கு பாப்பா எனக்கு அனுப்பியிருக்கா? ஆஸ்டல் பக்கத்துல எவனாவது குடிச்சுப்போட்டு பொண்டாட்டியை அடிக்கறானா? புள்ளை பயந்து போயிருக்கும். எவன்டா இவன். இவன் மட்டும் என்ற கையில கெடச்சான்னு வச்சுக்கங்க, தோலை உரிச்சுப்போடுவேன் தம்பி. சத்தியமாச் சொல்றேன்.

இருங்க. என்னமோ ஒரு பொம்பளை சொல்றா. கேட்டீங்களா? ஏனுங்க, அந்தக் கை வேண்டாமுங்க, அந்தக் கை இப்பத்தான் கூடியிருக்குதுங்கன்னு.

இது வசந்தாமணியாட்டம் இருக்குதே.

இல்லீங்க, அவ அப்படியெல்லாம் எதுவும் சொல்லலீங்க. அவ வாயே தொறக்கலை. நான் கேக்கலை. எனக்குக் கேக்கலை. இது எத்தனை நேரம் ஓடும்? இன்னும் பாதி கூட ஆகலையே. கீழ இப்பத்தான் பாக்கறேன், பாப்பா ஒரே ஒரு வார்த்தை எழுதியிருக்கா பாருங்க. அப்பான்னு. வேற ஒண்ணும் இல்லை.

எல்லாரும் பாக்கறாங்க. அந்தா, எங்கூட்டமும் பாக்குது. அவங்க மட்டும் திடுக்கிடவே இல்லை, ஏற்கெனவே கேட்டவங்களாட்டம் பாக்கறாங்க. தம்பி, இதை நிறுத்துங்க. நான் அமுக்கிட்டே இருக்கேன், நிக்கமாட்டேங்குது.  பயமா இருக்குதுங்க, இவன் அவளைக் கொன்னுபோடுவான். நீங்க படிச்சவரு, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. எங்க அமுக்குனா இவன் நிறுத்துவான்?